வேண்டாம் என்றால் போய்விடுகிறார்கள்

அன்பு மகள் மாரெனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும், ஆனால் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்று போனில் சொல்வதையே காகிதத்திலும் சொல்வாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை, நீ சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. காபியில் உப்பைப் போட்டுவிட்டேன் என்று உன் அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது பொய், உப்பு டப்பாவைக் கையில் எடுத்தேன், போடவில்லை. போனில் உன்னோடு பேச முடிவதில்லை, நான் ஒரு விஷயத்தைத் தொடங்குவதற்குள் நீ ஹூஸ்டனில் வெயில் எப்படி என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், நானும் இங்கே பனி எப்படி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. பொறுமையாகக் கடைசி வரை படி, பாதியில் மடித்து வைக்காதே.

என்னை ஆட்டிவைக்கிற பயம் எது என்று உனக்கே தெரியும். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு தேதி கொடுத்தார்கள், இரண்டையும் நீ தள்ளிப் போட்டாய். முதல் தடவை வேலை அதிகம் என்றாய், நம்பினோம். செவ்வாய்க்கிழமைதான், அதுவும் உன் அம்மா துருவித் துருவிக் கேட்டதனால், உண்மையைச் சொன்னாய். மயக்க ஊசி போடுவார்கள், முடிந்ததும் தெரிந்த ஆள் ஒருவர் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், டாக்ஸிக்காரனோடு அனுப்ப மாட்டார்கள், "அப்படி வர்றதுக்கு எனக்கு இங்க யாரும் இல்லைப்பா, பரவாயில்லை, இருபத்தேழாம் தேதின்னு இன்னொரு நாள் குடுத்திருக்காங்க, அதுவும் முடியலைன்னா கோடைக்கு மேல பாத்துக்கலாம்" என்றாய். பரவாயில்லையாம்! ரத்தம் போகிறது என்று டாக்டரிடம் போனவள் பேசுகிற பேச்சா இது? உன் ஆர்டிஸ் அத்தையும் பரவாயில்லை என்றுதான் சொன்னாள். விதைப்பு முடியட்டும் என்றாள், அறுப்பு முடியட்டும் என்றாள், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றாள். என் கூடப்பிறந்தவளுக்கு அப்போது உன்னைவிட மூன்று வயதுதான் கூட. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் பேனா நகராது. ஆனால் அத்தையின் கதையைக் கேட்டபிறகுதான் உன் டாக்டர் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று சொன்னார் என்பதை நீ மறந்துவிடாதே.

நோய் ஒரு பயம் என்றால் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. மூன்று வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், இத்தனை லட்சம் ஜனம் இருக்கிற ஊர், அதில் என் மகளுக்கு ஒரு பகல் பொழுது துணைக்கு வர ஓர் ஆள் இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அதுதான் நினைவு. நீ கெட்டவளா, வாயாடியா, கஞ்சப் பிசினாறியா? யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஹாட்டிஷ் கறிப் பண்டம் வைத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் நீ. பள்ளிக்கூடத்தில் உன்னைச் சுற்றி எந்நேரமும் நாலு பெண்கள் இருந்தார்கள். அது தானாக வந்த சிநேகம், பக்கத்துப் பெஞ்சு, பக்கத்துப் பண்ணை, ஒரே பஸ். நாற்பது வயதுக்கு மேல் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று நீ கேட்டாய், எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் அன்றைக்கும் பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

இங்கே விசேஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆபரேஷன் செய்த அம்மாவின் இடுப்பு தேறி வருகிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்து, நான் பாத்திரம் கழுவுவதில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிப் போகிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஆனாலும் தனியாக விட முடியாது, குளியலறைக்குப் போக ஆள் வேண்டும். ஏரியின் ஓரத்தில் பனிக்கட்டி கறுக்க ஆரம்பித்துவிட்டது, பனிக்கட்டி மேல் போட்டிருந்த என் மீன்பிடிக் குடிசையைப் போன வாரமே இழுத்துக் கரை சேர்த்தாயிற்று. என் கூட்டாளி ஹார்லி மட்டும் வழக்கம்போலத் தன்னுடையதை இன்னும் இழுக்கவில்லை, இந்த வருஷமாவது முழுகுமா என்று காபிக் கடையில் எல்லாரும் ஆசையோடு காத்திருக்கிறார்கள். நீ அனுப்பிய செருப்பு அம்மாவுக்குப் பொருத்தமாக இருக்கிறது, எனக்கு அனுப்பிய மிளகாய்ச் சாறு புட்டியைத் திறந்து மோந்து பார்த்து மூடி வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் "வரட்டுமா?" என்று கேட்டேன், அம்மாவை விட்டுவிட்டு எப்படி வருவீர்கள், வேண்டாம் என்றாய். நீ சொன்னது நியாயம். உன்னோடு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாளே மரிசேலா, அவளைக் கேட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். அதற்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே திரும்பப் படித்துப் பார். "அய்யோ அவளா, அவங்க ஊர்ல கூப்பிடறதெல்லாம் வாய் வார்த்தைம்மா. அக்கா மகனுக்கு மாதா கோவில்ல முதல் தடவையா நன்மை அப்பம் குடுத்த அன்னைக்கு வீட்ல விருந்து, வான்னு கூப்பிட்டா, குடும்ப விசேஷம், நான் எதுக்கு இடைஞ்சலா, வேண்டாம்னேன், சரின்னு போயிட்டா. கார் ரிப்பேர்னப்ப கொண்டு விடட்டுமான்னா, உனக்கெதுக்கு சிரமம்னேன், சரி பாத்துப் போன்னு போயிட்டா. மனசுல இருந்து கூப்பிடறவ இன்னொரு தரம் கேக்க மாட்டாளா?" இப்படிச் சொன்னாய். நானும், ஆமாம், தெற்கத்தி ஆட்களே அப்படித்தான், வாயில் தேன், அவ்வளவுதான் என்று உனக்குத் தாளம் போட்டேன். அது சனிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ராக்கோவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நியூ ஜெர்சியிலிருந்து வந்தவன், மேற்கே காற்றாலைகளில் மெக்கானிக், குரல் ஏரியின் அக்கரைக்குக் கேட்கும். அவன் மனைவி டெனீஸ் நம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜனவரியில் என் பனி தள்ளும் மிஷின் படுத்துவிட்டது. நான் மண்வாரியோடு வாசலில் நிற்கிறேன், முட்டி வரை பனி, அவன் தன் மிஷினை உருட்டிக்கொண்டு வந்து, "தள்ளி விடட்டுமா பெரியவரே?" என்றான். நான் வேண்டாம் தம்பி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எந்த நல்ல மனுஷனும் அதைத்தானே சொல்வான்? இரண்டாம் தரம் கேட்டால் உனக்கெதற்குச் சிரமம் என்று சொல்லி, மூன்றாம் தரம் கேட்டால் சரி, அந்த ஓரத்தை மட்டும் தள்ளு என்று ஒதுங்கிக்கொள்ளலாம் என்று வாரியைக்கூடப் பாதி சாய்த்துவிட்டேன். அவன் "சரி" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்! போய்விட்டான் மாரென்! நான் முதுகு ஒடிய மதியம் வரை வாரினேன், நடுநடுவே அவன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே வாரினேன், அவன் ஜன்னலில் நின்று கை வேறு ஆட்டினான். அன்றிலிருந்து இவன் மனுஷனே இல்லை என்று காபிக் கடையில் வருகிறவனிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள், ஹார்லி உள்பட.

சனிக்கிழமை டெனீஸ் ஒரு பெரிய தட்டு லசான்யாவைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டாள், பின்னாலேயே ராக்கோ. வரட்டுமா என்று கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம். சரி, வந்தவர்களைத் துரத்த முடியாது, அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சுட்ட சாக்லேட் கேக் தட்டில் கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை முழுசாக எடுக்கக்கூடாது என்பதால் நான் வழக்கம்போலப் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டேன், அம்மா மீதிப் பாதியில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டாள், மீதி கிடந்ததை ராக்கோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டான், வெட்டவே இல்லை. அம்மாவுக்கு வலி மாத்திரை சாப்பிட்டதில் கொஞ்சம் வாய்ப்பூட்டு கழன்றிருந்தது. "கேக்கைத் தூக்கற கை அன்னிக்குப் பனியைத் தள்ளலையே தம்பி, என் வீட்டுக்காரரை அந்தக் குளிர்ல தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே போட்டாள் ஒரு போடு. நான் மேசைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். ராக்கோ மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி என்னைப் பார்த்தான். "நான் விட்டுட்டுப் போனேனா? மிஷினோட வந்து கேட்டேன்ல, நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றான். வேண்டாம் என்றுதான் சொல்வேன், நீ திரும்பக் கேட்க வேண்டாமா என்று எனக்கும் குரல் ஏறிவிட்டது. "ஏன் பெரியவரே, வேண்டாம்னு சொன்ன மனுஷன் வாசல்ல நின்னுக்கிட்டு இன்னும் ரெண்டு தரம் கேட்டா எங்க ஊர்ல போலீஸைக் கூப்பிடுவாங்க. நீங்க சொன்னீங்க, நான் நம்பினேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்" என்றான்.

அம்மா சிரித்தாள், நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், ஆனால் டெனீஸ் சிரிக்கவில்லை. அவள் மடியில் இருந்த துணியை மடித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், "நாங்க வந்த புதுசுல தெருவுல எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். எல்லாரும் அழகா சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னாங்க. நீங்களும்தான் லவோன். நான் சமைக்க வாங்கினதையெல்லாம் எடுத்து ஐஸ்பெட்டில வச்சேன். அப்புறம் யாரையும் கூப்பிடறதில்லைன்னு விட்டுட்டேன். ஒன்றரை வருஷமா நானும் இவரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், இந்த ஊருக்கு எங்களைக் கண்டா ஆகலை, திரும்பிப் போயிடலாம்னுகூட பேசிட்டோம்" என்றாள். அவள் கூப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா அன்றைக்கு லெஃப்ஸா ரொட்டிகூடச் சுட்டு வைத்தாள், கொண்டுபோக. இரண்டாவது அழைப்பு வரும் என்று நானும் அவளும் சாயங்காலம் வரை நல்ல சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை, திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லிவிட்டு லெஃப்ஸாவை நாங்களே தின்றோம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் அவர்களைத் திட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டு. என்ன கூத்து பார்.

அப்போதுதான் எனக்கு மரிசேலாவின் நினைவு வந்து நெஞ்சில் குத்தியது. மாரென் கண்ணு, அந்தப் பெண் வாய் வார்த்தைக்குக் கூப்பிடவில்லை. நீ வேண்டாம் என்றாய், அவள் நம்பினாள். அக்கா மகனின் விசேஷத்துக்குப் போய் யாரும் உப்புக்குச் சப்பாணியாக ஓர் ஆளைக் கூப்பிட மாட்டார்கள், வீட்டு மனுஷியாக நினைத்துத்தான் கூப்பிட்டிருப்பாள். அதற்குப் பிறகு அவள் தன் அக்காவிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாயா? என்கூட வேலை பாக்கற ஒருத்தி இருக்கா, நல்லவதான், ஆனா என்னைக் கண்டா அவளுக்கு ஆகலை போல, ரெண்டு தரம் கூப்பிட்டேன், ரெண்டு தரமும் தட்டிவிட்டுட்டா, இப்படித்தானே சொல்லியிருப்பாள்? நீ அவள் இன்னொரு தரம் கேட்கட்டும் என்று காத்திருக்கிறாய், அவள் நீ ஒரு தரமாவது வாயைத் திறக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இப்படியே இருந்தால் இரண்டு பேரும் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போக வேண்டியதுதான், நடுவில் அந்தக் குழாய்ச் சோதனை என்ன ஆவது?

அவளுக்கு நானே போன் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை ஓடியது, மறைக்காமல் சொல்கிறேன். உன் அலுவலக நம்பரை எடுத்து, போனையும் கையில் எடுத்துவிட்டேன். உன் அம்மா நாற்காலியில் இருந்தபடியே வாக்கரை நீட்டி என் காலில் ஒரு இடி இடித்து, "ஏங்க, நாற்பத்தொரு வயசுப் பொண்ணுக்கு அப்பன் போய் சிநேகிதி பிடிச்சுக் குடுப்பானா? மானத்தை வாங்காதீங்க, வைங்க கீழே" என்றாள். வைத்துவிட்டேன். கோபம் வந்தாலும் அவள் சொன்னது சரி. நான் கேட்டால் அவள் ஒரு கிழவனுக்கு இரக்கப்பட்டு வருவாள். நீ கேட்டால்தான் அது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள சங்கதி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

கேட்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை அன்றைக்கே ராக்கோ என்னை வைத்துப் பழக்கிப் பார்த்தான். "என்கிட்ட ஏணி கேளுங்க பாப்போம்" என்றான். நான் இந்த வருஷம் பனி அதிகம், கூரை ஓரத் தகரக் குழாய் கொஞ்சம் இறங்கினமாதிரி தெரிகிறது, அவசரம் ஒன்றும் இல்லை, வெயில் வந்தபிறகு பார்க்கலாம், என் ஏணி கொஞ்சம் குட்டை என்று சொல்லிக்கொண்டே போனேன். "பெரியவரே, கேள்வி எப்ப வரும், நான் வீட்டுக்குப் போய் தூங்கிட்டு வரட்டுமா?" என்றான். உன் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பில் தையல் பிய்ந்துவிடும்போல ஆகிவிட்டது. கடைசியில் வியர்த்து விறுவிறுத்து "உன் ஏணி வேணும்" என்றேன், "எடுத்துக்கோங்க" என்றான், முடிந்தது கதை. அவ்வளவு சின்னதா அது! ஆனால் எனக்கு நடுத்தெருவில் சட்டையில்லாமல் நின்றமாதிரி இருந்தது, உனக்கும் அப்படித்தான் இருக்கும், நீ என் மகள். இருந்தாலும் செத்துப்போகவில்லை, பார், உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நீ மரிசேலாவிடம் வெயிலைப் பற்றி ஆரம்பிக்காதே. இருபத்தேழாம் தேதி எனக்கு ஆஸ்பத்திரியில ஒரு சோதனை, மயக்க ஊசி போடுவாங்க, முடிஞ்சதும் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஓர் ஆள் வேணும், நீ வருவியா, இவ்வளவுதான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். முடியாட்டி பரவாயில்லை, உனக்கு வேலை இருக்கும், நான் வேற பாத்துக்கறேன் என்று நீயே அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு வழியனுப்பி வைக்காதே. அவள் பதில் சொல்லும்வரை அந்த இடைவெளி பாறாங்கல் மாதிரி கனக்கும், கனக்கட்டும். அவள் வர முடியாது என்றால் அன்றைக்கு அவளால் வர முடியாது என்றுதான் அர்த்தம், உன்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. வந்தால், மறுநாளே ஒரு பெரிய பரிசுக் கூடையை அனுப்பிக் கணக்கைத் தீர்த்துவிடாதே. லசான்யாத் தட்டோடு நான் அன்றைக்கே நாலு பாட்டில் ஊறுகாயைக் கட்டிக் கொடுக்கப் போனேன், டெனீஸ் தள்ளிவிட்டு, "இப்பவே திருப்பிக் குடுத்துட்டா அப்புறம் எதைச் சாக்கா வச்சு நான் வர்றது?" என்றாள். கொஞ்சம் கடன்பட்டவளாக இரு, ஒன்றும் ஆகாது. அவள் அடுத்த தடவை கூப்பிட்டால் முதல் தரத்திலேயே சரி என்று சொல்லிப் போய்விடு, கூப்பிடாவிட்டால் நீ கூப்பிடு. அந்த நடைக் குழுவுக்கும் இரண்டு வாரம் போய்விட்டு யாரும் பேசவில்லை என்று நின்றுவிட்டாயே, அங்கேயும் எத்தனை பேர் யாராவது பேச மாட்டார்களா என்று உன்னைப் பார்த்துக்கொண்டு நடந்தார்களோ, யார் கண்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உன் சோதனை விஷயத்தை அம்மா டெனீஸிடம் சொல்லிவிட்டாள். நான் சொல்லியிருக்க மாட்டேன், வீட்டு விஷயம் வீட்டோடு என்று மென்று விழுங்கியிருப்பேன். டெனீஸ் ஆச்சரியப்படவே இல்லை. "எங்ககிட்டயும் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாம நாளைத் தள்ளிப் போடறவங்க வாராவாரம் இருக்காங்க, வயசானவங்கன்னு நினைக்காதீங்க, நல்ல வேலையில இருக்கற நாப்பது வயசுக்காரங்கதான்" என்றாள். நீ ஒருத்தி மட்டும் இல்லை என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, உடனே இத்தனை பேரா என்று கவலையும் வந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்து, "நீங்க கிளம்பிப் போங்க. லவோனை நான் பாத்துக்கறேன், அந்த வாரம் எனக்கு லீவு இருக்கு" என்றாள். என் வாய் அய்யோ வேண்டாம் என்று சொல்லத் திறந்தேவிட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். டெனீஸ் ஒரே தரம்தான் கேட்பாள், நான் வேண்டாம் என்றால் நம்பிவிடுவாள், எழுந்து போய்விடுவாள், அங்கே என் மகள் தனியாக இருப்பாள், இதெல்லாம் ஒரே மூச்சில் மனசில் ஓடியது. "சரிம்மா, பாத்துக்கோ" என்றேன். பிறந்ததிலிருந்து முதல் தரத்திலேயே சரி என்று நான் சொன்னது அதுதான். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துகிற சாக்கில் எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன், ராக்கோ பின்னாலேயே வந்து ஒன்றும் பேசாமல் நின்றான், அந்தக் குரல்காரன் பேசாமல் நின்றதே பெரிய விஷயம்.

ஆகவே நான் வரலாம். காரைச் சோதித்து வைத்துவிட்டேன், வழியெல்லாம் எனக்குத் தெரியும், இரண்டு நாளில் வந்து சேர்ந்துவிடுவேன். வரத்தான் ஆசை, இப்போதே கிளம்பு என்றால் கிளம்பிவிடுவேன். ஆனாலும் முதலில் நீ மரிசேலாவைக் கேள். நான் வந்தால் ஒரு நாளைக்குத்தான் துணை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன், அதற்கடுத்த காய்ச்சலுக்கு யார்? நானும் அம்மாவும் எத்தனை நாளைக்கு? இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், சோதனையில் ஒன்றும் இல்லை என்று வரட்டும், உனக்கு நல்ல மனுஷர்கள் நாலு பேர் பக்கத்தில் அமையட்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். சோதனைக்கு முதல் நாள் டாக்டர் சொன்னபடி பட்டினியாக இரு, தண்ணீர் மட்டும் நிறையக் குடி, ராத்திரி கதவைப் பூட்டினாயா என்று இரண்டு தரம் பார். பதிலைக் காகிதத்தில் எழுத வேண்டாம், கடிதம் கையில் கிடைத்த அன்றே போன் செய்.

போனை எடுத்ததும் நான் கேட்கப்போவது ஒன்றுதான், அதையும் ஒரு தரம்தான் கேட்பேன். இனி மூன்று தரம் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நான் வரட்டுமா? நீ வேண்டாம் என்று சொன்னால் நம்பிவிடுவேன் மாரென். மகளுக்குத் துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால் யாரும் இல்லாமல் இருந்துகொண்டு என்னிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ஆர்லன்